கடைக்கு லைசென்ஸ் உண்டு, உங்களுக்கு?

பட்டாபிராம் இந்துக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு, 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கில் ஏதாவது கிடைக்காதா என்று காத்திருக்கும் பிள்ளையின் போனுக்கு வேறு மாதிரி ஒரு வேலை அழைப்பும் வரக்கூடும். கனடாவில் அரசு அனுமதி பெற்ற கஞ்சாக் கடையில் விற்பனையாளர் வேலை. அல்லது பாங்காக்கில் ‘டிஸ்பென்சரி’ வேலை, டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம். “கஞ்சாக் கடையிலயா?” என்று அம்மா பதறுவார். “அங்க அது லீகல்மா” என்று பிள்ளை சமாதானம் சொல்லும்.

இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சில நாடுகளில் இது பி.எஃப். பிடிக்கிற கம்பெனி வேலை போல ஒழுங்கான வேலைதான். ஆனால் சட்டம் தரும் அனுமதி அந்தக் கடைக்கு, அந்த ஊருக்குள் மட்டும். வேலைக்குப் போகிறவர் மேல் நான்கு சட்டங்கள் பாயும்: கடை இருக்கும் நாட்டின் சட்டம், பாஸ்போர்ட் தந்த நாட்டின் சட்டம், வழியில் விமானம் மாறும் நாட்டின் சட்டம், பிற்காலத்தில் போக நினைக்கும் நாட்டின் சட்டம். ஏஜென்ட் முதலாவதை மட்டும்தான் சொல்வார்.

உண்மையில் எங்கே வேலை இருக்கிறது?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா விற்பது சட்டப்படி செல்லும். தமிழர் நிறைந்த ஒன்டாரியோவில் கடைக்கு மதுபானம் மற்றும் சூதாட்ட ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஊழியருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். ‘கேன்செல்’ என்ற பயிற்சியை முடித்த சான்றும் வேண்டும். அனுமதி இல்லாமல் நடக்கும் கடைகளும் அங்கே உண்டு. அவற்றில் கல்லாவில் நிற்பவரும் குற்றவாளிதான். சட்டவிரோத விற்பனைக்கு 14 ஆண்டு வரை சிறை. தண்டனை பெற்றால் மாணவர் விசாவும் நிரந்தர வசிப்புரிமையும் ஆட்டம் காணும்.

தாய்லாந்து 2022 ஜூன் 9-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் அரசு மனம் மாறி, மருந்துச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாது என்றது. இதைவிட முக்கியமான ஒன்று: கடையில் நின்று விற்பனை செய்வது, தாய்லாந்தில் வெளிநாட்டவருக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளில் ஒன்று. ஆகவே, சுற்றுலாவுக்கு வந்த இந்தியருக்குப் பாங்காக் கஞ்சாக் கடையில் கவுன்ட்டர் வேலை என்று யாராவது சொன்னால், அந்த வேலை பொய் அல்லது சட்டவிரோதம்.

ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் 25 கிராம் வரை வைத்திருக்க விட்டது. லாப நோக்கற்ற சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் வளர்த்துத் தரலாம். பொழுதுபோக்குக் கஞ்சா விற்கும் கடைகளுக்கு அங்கே இடமில்லை. ‘பெர்லின் கஞ்சாக் கடையில் வேலை’ என்ற விளம்பரத்தை அப்படியே அழித்துவிடலாம்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நார், விதை போன்ற தொழில் தேவைக்காக இந்தச் செடியை வளர்க்க அனுமதிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. உத்தராகண்ட் 2018-இல் அதற்கு முதல் உரிமம் கொடுத்தது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சணல் வகைக் கஞ்சாச் செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றது. விதை, நார், துணி சார்ந்த நிறுவனங்களில் வேலைக்குச் சேர்வதில் தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பு குற்றம். ‘திருவள்ளூர் பக்கம் பண்ணை, மாதச் சம்பளம்’ என்று அழைத்தால் அந்தப் பண்ணைக்கு உரிமமே இருக்க முடியாது. அனுமதியின்றி வளர்ப்பதற்கு 10 ஆண்டு வரை சிறை.

பாஸ்போர்ட்டோடு கூடவே வரும் சட்டம்

பலருக்குத் தெரியாத பிரிவு ஒன்று இருக்கிறது. நமது போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. வெளிநாட்டில் போதைப்பொருளை வாங்கி வெளிநாட்டிலேயே இன்னொருவருக்கு வழங்கும் வணிகத்தில் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் ஈடுபடக் கூடாது என்கிறது 12-ஆம் பிரிவு. மீறினால் 24-ஆம் பிரிவின்படி 10 முதல் 20 ஆண்டு சிறை.

டொரன்டோ கடையில் சம்பளத்துக்கு நிற்கும் சிப்பந்தி இதற்குள் வருவாரா என்பது வழக்கறிஞர்கள் வாதிட வேண்டிய விஷயம். வெளிநாட்டில் நடந்ததை இங்கே நீதிமன்றத்தில் விசாரிக்கவும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆனாலும் ‘அங்கே லீகல்’ என்பது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. குறிப்பாக, பங்குதாரராகவோ மேலாளராகவோ சேர்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்க வேண்டும்.

அடுத்த விசாவில் கேட்பார்கள்

அமெரிக்காவில் பல மாநிலங்கள் அனுமதித்தாலும், கடைகளில் பொழுதுபோக்குக்காகக் கஞ்சா விற்பது ஒன்றிய அரசின் சட்டப்படி குற்றம். விசாவும் குடியுரிமையும் ஒன்றிய அரசின் கையில். மாநில அனுமதி பெற்ற கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. கிரீன் கார்டு வைத்திருக்கும் உறவினர் கணக்கு எழுதும் வேலைக்குக்கூட அங்கே சேரும் முன் யோசிக்க வேண்டும்.

கனடா குடிமக்கள் அங்குள்ள சட்டபூர்வக் கஞ்சாத் துறையில் வேலை பார்த்தாலும், அதற்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்கு அமெரிக்கா வந்தால் பொதுவாக அனுமதிப்போம் என்று எல்லைக் காவல் துறை 2018-இல் சொன்னது. கஞ்சாத் தொழில் விஷயமாக வந்தால் தடுக்கலாம். அதே ஆண்டு, அமெரிக்கக் கஞ்சா நிறுவனங்களில் பணம் போட்ட வான்கூவர் முதலீட்டாளர் ஒருவருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு கனடாவில் இருப்பவருக்கு அந்தப் பொது வாக்குறுதிகூட இல்லை. விசா அதிகாரி கேட்டால் மறைக்காதீர்கள். பொய் சொன்னது தெரிந்தால் அதுவே தனித் தடையாகிவிடும்.

‘குருவி’ ஆக்கும் வேலை

இந்தத் துறையில் சென்னைப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே காத்திருக்கும் ஆபத்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஹைட்ரோபோனிக் கஞ்சாவைச் சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. இலவசச் சுற்றுலா, கைச்செலவுக்குப் பணம், திரும்பும்போது ‘நம்ம கடை சாம்பிள்’ ஒரு பை. இப்படித்தான் ‘குருவி’களை, அதாவது கடத்தல் பொருளைச் சுமந்து வருபவர்களை, பிடிக்கிறார்கள்.

நம் சட்டப்படி, கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, ஜாமீன் கிடைப்பது மிக அரிது. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. ‘உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது’ என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சட்டம் உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று அனுமானிக்கும். வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறினால் இன்னும் மோசம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை.

தாய்லாந்து வேலை என்று போனவர்கள் எல்லைக்கு அப்பால் மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட கதையும் உண்டு. 2022-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் அப்படி மாட்டி, மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

வேலையிடத்தில் உங்கள் உடம்பு

எல்லாம் சரியாக இருந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பூவை அரைத்துச் சிகரெட்டாகச் சுருட்டும் பிரிவுகளில் தூசி அதிகம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் ஹோல்யோக்கில் அப்படிப்பட்ட ஆலையில் வேலை பார்த்த 27 வயதுப் பெண், 2022 ஜனவரியில் ஆஸ்துமா முற்றி இறந்தார். அந்நாட்டுக் கஞ்சாத் துறையில் வேலையால் வந்த ஆஸ்துமாவுக்குப் பதிவான முதல் மரணம் அது.

முகக்கவசம், காற்றோட்டம், பயிற்சி மூன்றையும் கேட்பது உங்கள் உரிமை. வேலை நாளில் இருமலும் மூச்சிரைப்பும் வந்து, விடுமுறையில் தணிந்தால், மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிபட்டால்

உடல் சோதனைக்கு முன், அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை 50-ஆம் பிரிவில் உண்டு. பெட்டியைச் சோதிப்பதற்கு இது பொருந்தாது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

‘இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் விட்டுவிடுவோம்’ என்றால் வழக்கறிஞர் வரும்வரை பொறுத்திருங்கள். விசாரணை அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 29-இல் தீர்ப்பளித்தது. வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பட்டாபிராமுக்குத் திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

வேலைச் சூழலில் பழக்கமே தொற்றிக்கொண்டால், 14446 போதை மீட்பு உதவி எண். சிறு அளவு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது.

கிளம்பும் முன்

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். கடையின் உரிம எண்ணைக் கேட்டு, அந்த நாட்டு ஆணையத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். வேலை விசா இல்லாமல் ஏறாதீர்கள். யார் கொடுத்தாலும் பை வாங்காதீர்கள்.

பணம் கட்டி ஏமாந்தால் அன்றே 1930-க்கு அழையுங்கள். ஆவடி காவல் ஆணையரகத்திலும் புகார் கொடுங்கள். வெளிநாட்டில் மாட்டியவருக்கு இந்தியத் தூதரகமும் அயலகத் தமிழர் நலத்துறையும் உண்டு. கடத்தலுக்கு யாராவது ஆள் பிடித்தால் 1933-இல் சொல்லலாம்.

நான்கு சட்டங்களில் ஒன்றுக்காவது ‘தெரியாது’ என்ற பதில் வந்தால், அந்த வேலையை ஒத்திப்போடுங்கள். ஒழுங்கான முதலாளி பதில் சொல்லும்வரை காத்திருப்பார். நாளைக்கே ஏறு என்று அவசரப்படுத்துபவருக்குத் தேவை ஊழியர் அல்ல.