சைக்கிள் ஏன் நேராகப் போவதில்லை?

தாம்பரம் – வேளச்சேரி சாலை, காலை ஆறரை மணி. இரவுப் பணி முடித்த காவலாளி ஒருவர் எனக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, கேரியரில் மடித்துக் கட்டிய போர்வை. காரில் அவரைக் கடக்கப் போன நேரத்தில் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கினார். பிரேக்கை மிதித்தேன், கூடவே ஹாரனையும் அழுத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபோது சைக்கிள் இன்னும் ஒரு சாண் வலப்பக்கம் வந்தது. கண்ணாடியை இறக்கித் திட்டத்தான் போனேன். அதற்குள் அவர் எதற்காக ஒதுங்கினாரோ அது கண்ணில் பட்டுவிட்டது. சாலை மட்டத்துக்குக் கீழே நான்கு விரல் ஆழத்தில் ஒரு சாக்கடை மூடி. கார்ச் சக்கரம் அதில் இறங்கினால் 'தடக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சைக்கிளின் முன்சக்கரம் இறங்கியிருந்தால் அந்த மனிதர் என் வண்டிக்கு முன்னால் தலைகுப்புற விழுந்திருப்பார்.

அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கார், டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சாலையில் மூளும் சண்டைகளில் பாதிக்கு மேல், ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று மற்றவருக்குத் தெரியாததால் வருபவை. "குறுக்கே வந்துட்டான்" என்கிறோம். அவர் குறுக்கே வரவில்லை, விழாமல் இருந்தார்.

சைக்கிள் நிற்பதே ஓர் ஓயாத சமாளிப்பு. இரண்டு சக்கரத்தில் நிற்கும் எந்த வண்டியும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். சாயும் பக்கமாக ஹேண்டில்பாரைத் துளி திருப்பினால் சக்கரம் உடலுக்கு அடியில் வந்து சேரும், வண்டி நிமிரும். உடனே மறுபக்கம் சாயத் தொடங்கும், அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஓட்டுகிறவருக்கே தெரியாமல் கை இதைச் செய்துகொண்டே இருக்கிறது. ஈர மண்ணில் சைக்கிள் போன தடத்தைப் பாருங்கள், ஒரு முழக் கோடுகூட நேராக இருக்காது. பாம்பு ஊர்ந்த மாதிரி நெளிந்து நெளிந்துதான் கிடக்கும். வேகம் குறையக் குறைய நெளிவு கூடும். அதனால்தான் மேம்பாலம் ஏறும்போதும், எதிர்காற்றிலும், பின்னால் ஒரு மூட்டை இருக்கும்போதும் சைக்கிள் அதிகம் அலைகிறது. அந்த நேரத்தில்தான் நமக்குப் பொறுமை போய், ஒட்டி உரசிக் கடக்கிறோம்.

இன்னொன்று. சைக்கிளை வலப்பக்கம் திருப்ப, முதலில் முன்சக்கரம் மிக லேசாக இடப்பக்கம் போக வேண்டும். அப்போதுதான் உடல் வலப்பக்கம் சாயும், வண்டியும் அந்தப் பக்கம் வளையும். இடப்பக்கம் ஒரு சுவரோ, நடைபாதை விளிம்போ, நிறுத்திவைத்த ஆட்டோவோ ஒட்டி நின்றால் அந்தத் துளி அசைவுக்கும் இடமில்லை. சாலை ஓரத்தில் ஒட்டிப் போகிறவரால் அவசரத்துக்கு விலக முடியாமல் போவது இதனால்தான். நாம் ஓரம் போகச் சொல்லச் சொல்ல, விலகும் வழியை அடைத்துக்கொண்டே வருகிறோம்.

ஹாரனையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னால் பத்தடியில் ஹாரன் அலறினால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தலை வலப்பக்கம் திரும்பினால் தோளும் திரும்பும், தோளோடு கையும் ஹேண்டில்பாரும் போகும். சைக்கிள் வருவது நம் வண்டியின் பாதைக்கே. அன்று என் ஹாரன் செய்தது அதைத்தான். சைக்கிள்காரருக்கு நாம் வருவதைத் தெரிவிக்க வேண்டுமென்றால் தூரத்திலேயே ஒருமுறை மெல்ல அடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வந்தபின் அடிக்கவே கூடாது.

"அப்படியென்றால் ஓரமாகவே மெதுவாகப் போகட்டுமே" என்று கேட்பவர்கள் ஒரு நாள் சாலையின் இடது ஓரத்தில் முந்நூறடி நடந்து பார்க்கலாம். காரில் போகும்போது அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. மழை ஒதுக்கிவிட்ட மணல், அதில் கண்ணாடிச் சில்லு. மழைநீர் வடிகாலின் கம்பிச் சட்டம், அந்தக் கம்பிகள் சாலைப் போக்கிலேயே இருந்தால் சைக்கிள் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் விளிம்பு அரையடி உயர்ந்து நிற்கும். சக்கரம் ஒருமுறை அதிலிருந்து கீழே நழுவினால் திரும்ப மேலே ஏற்றும்போது விழுவது நிச்சயம். இதற்கெல்லாம் நடுவே பஸ் நிறுத்தமும், இளநீர் வண்டியும், வரிசையாக நிற்கும் கார்களும். மழை நாளில் வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறினாலே வழுக்கும். அனுபவமுள்ள சைக்கிள்காரர் ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே தள்ளிப் போவது அதனால்தான். சாலை நடுவே போகிறார் என்று நமக்குத் தோன்றும் இடம்தான் அவருக்குத் தரை உள்ள இடம்.

வண்டி ஓட்டுகிறவர்களின் குறைகளும் உண்மையானவையே. விளக்கில்லாத சைக்கிளை நான் மன்னிக்க மாட்டேன். இருட்டுச் சாலையில் எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது, முன்னால் போகிற கறுப்புச் சைக்கிள் பத்தடிக்கு வரும்வரை இல்லவே இல்லை. 60 கி.மீ வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு வினாடி ஆகும். ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார், டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோ இல்லாதவர்கள் டார்ச் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிப்பார்கள். அந்தப் பயம் போனது, பழக்கமும் சேர்ந்தே போய்விட்டது. இன்று பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது. அதுகூட வேண்டாம், பின் மட்கார்டிலும் இரண்டு பெடல்களிலும் ஒளிரும் ஒட்டுப் பட்டை இருந்தால் போதும். மேலும் கீழும் போகிற அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்தாலே சைக்கிள் என்று தூரத்திலேயே புரிந்துவிடும்.

எதிர்த்திசையில் வருவதும் அப்படித்தான். டிவைடர் நீளமாகக் கிடக்க, யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க, மிதித்துப் போகிறவர் தவறான பக்கத்திலேயே வருகிறார். அவருடைய கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரே திசையில் 50-இல் போகும் காருக்கும் 15-இல் போகும் சைக்கிளுக்கும் இடையே வேக வித்தியாசம் 35. எதிரெதிரே வந்தால் 65. பக்கத் தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் பார்ப்பார், இடப்பக்கமிருந்து வரும் சைக்கிள் அவர் கண்ணிலேயே படாது. நூறு மீட்டர்தானே என்று போவதைவிட, இறங்கித் தள்ளிக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

சிவப்பு விளக்கில் நிற்காமல் போவதை நான் நியாயப்படுத்த மாட்டேன், காரணத்தை மட்டும் சொல்கிறேன். சாதாரணமாக மிதிக்கிற ஒருவர் தருவது சுமார் 75 வாட் திறன். நின்ற இடத்திலிருந்து 15 கி.மீ வேகத்துக்கு வர, அவரையும் சைக்கிளையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்தால், ஒன்பது வினாடிக்கு மேல் முழு உழைப்பும் போய்விடும். ஒவ்வொரு சிக்னலிலும் இது. காரில் நமக்கு ஆக்சிலரேட்டரைத் தொடும் வேலைதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982-லேயே இதைப் புரிந்துகொண்டு சட்டம் எழுதியது. 'நில்' பலகை உள்ள சந்திப்பில், குறுக்கே யாரும் வராவிட்டால், சைக்கிள்காரர் வேகம் குறைத்து அப்படியே போகலாம். நம் ஊர்ச் சந்திப்புகளுக்கு அது பொருந்தாது. நான்கு பக்கமும் டூவீலர் பாய்கிற இடத்தில் நின்று போவதுதான் உயிருக்கு நல்லது.

"வரி கட்டுகிறோம், சாலை எங்களுடையது" என்கிற வாதம் எனக்கு வருத்தம் தருவது. வாகன வரி மாநில அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அதைக் கட்டியவருக்குச் சாலையில் கூடுதல் பாத்தியதை எதுவும் வருவதில்லை. சைக்கிள்காரர் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் கட்டுகிற வரியும் அரசின் கருவூலத்துக்குத்தான் போகிறது. சைக்கிளுக்கே உள்ளாட்சிகள் வரி வாங்கி, தகர வில்லை கொடுத்த காலமும் உண்டு. சாலையைத் தேய்ப்பது யார் என்ற கணக்கையும் பார்க்கலாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சாலைகளைப் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை ஓடவிட்டு ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அச்சின் மேல் உள்ள எடை இரண்டு மடங்கானால் சாலைச் சேதம் தோராயமாகப் பதினாறு மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. ஆள் ஏறிய சைக்கிளின் ஒரு சக்கரத்தில் 40 கிலோ, காரின் ஓர் அச்சில் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், கார் செய்யும் சேதம் ஏறக்குறைய ஐம்பதாயிரம் மடங்கு.

சைக்கிளால் நமக்கு நேரம் போகிறதா என்றும் கணக்குப் போட்டேன். 15 கி.மீ வேகத்தில் போகிறவர் பின்னால் பத்து வினாடி பொறுமையாகப் போனால் கடப்பது சுமார் 42 மீட்டர். 40 கி.மீ வேகத்தில் அதே தூரத்துக்கு நான்கு வினாடி. நம் இழப்பு ஆறு வினாடி. அடுத்த சிக்னலில் எப்படியும் ஒரு நிமிடம் நிற்கப் போகிறோம்.

அந்த ஆறு வினாடியைக் கொடுத்தால் கிடைப்பது இடைவெளி. பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022 ஜனவரியில் செய்த திருத்தத்தின்படி, மணிக்கு 30 மைல் வரை போகும் வண்டி சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும். ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை, ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். பிரான்சில் ஒன்று, ஒன்றரை. இந்த அளவுகளுக்குக் காரணம் முன்னே சொன்ன நெளிவுதான். சைக்கிள்காரர் அப்படியே பக்கவாட்டில் விழுந்தாலும் தலை நம் சக்கரத்துக்கு அடியில் போகக் கூடாது. பஸ்ஸோ லாரியோ வேகமாகக் கடந்தால் காற்று முதலில் வெளியே தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். நெடுஞ்சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும்.

லாரிக்குப் பக்கத்தில் இடப்புறமாக நிற்கும் சைக்கிள்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் லாரிகளில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்பவர் அவருக்குத் தெரிய மாட்டார். லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாகக் குறுக்கி வெட்டி வரும். சந்திப்பில் லாரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள். இடப்பக்கச் சந்தில் நுழைய வேண்டாம்.

ஓட்டுகிறவர்களின் நல்ல குணத்தை மட்டும் நம்பி எந்த நாடும் இதைத் தீர்த்ததில்லை. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர் தெருவில் உட்கார்ந்தார்கள். இன்று அங்கே வேகம் கூடிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 கி.மீ. மோட்டார் வண்டி சைக்கிளில் மோதினால் பொறுப்பின் பெரும்பங்கு மோட்டார் வண்டிக்கு. நாம் அங்கே பார்க்கிற நிதானம் இப்படிக் கட்டி எழுப்பியது. கொல்கத்தா எதிர்வழியில் போனது. 2013-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சாலைகளில் சைக்கிளுக்கே தடை போட்டார்கள். பால்காரரும் கூலித் தொழிலாளியும்தான் அதில் அடிபட்டார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. பல சாலைகளில் நடைபாதை அகலமானது. சைக்கிளுக்குரிய பங்கு இன்னும் வரவில்லை. மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், சைக்கிள்காரர், நடப்பவர், குழந்தை, முதியவர் விஷயத்தில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்கின்றன. விபத்தில் சிக்கும் ஏழைச் சைக்கிள்காரர் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் 161-ஆம் பிரிவில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. "சைக்கிள்காரன் மேலதான் தப்பு" என்று யாராவது சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

தமிழக அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. 2001-இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். எத்தனையோ கிராமத்துப் பெண்களை மேல்நிலைப் பள்ளி வரை கொண்டுபோய்ச் சேர்த்த சைக்கிள் அது. அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் நாலரை மணிக்கு மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டே வருவார்கள். பதினாறு வயது, முதுகில் எட்டு கிலோ புத்தகம். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சாலையில் காரை நிறுத்தினால், கதவை வலக்கையால் திறக்காதீர்கள். இடக்கையை மார்புக்குக் குறுக்கே நீட்டித் திறந்தால் உடம்பு தானே திரும்பும், கண் பின்பக்கம் போகும். முதலில் கதவை நாலு விரல் அளவு மட்டும் திறந்து பாருங்கள். பிள்ளைகள் கடந்து போனதும் இறங்கலாம்.