கடற்காற்றில் நடை: சில்வர் பீச் செல்வோர் அறிய வேண்டியவை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள சில்வர் பீச், நகரை ஒட்டியே அமைந்த நீண்ட மணற்கரை. பக்கத்தில் கெடிலம் ஆறு கடலில் கலக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளும் அருகில்தான். கடலூர்க்காரர்களுக்கு இது அன்றாட நடைப்பாதை. கீரப்பாளையம், புவனகிரி, சிதம்பரம் பக்கத்தாருக்கோ விடுமுறை நாள் பயணம். அவர்களில் பலர் இன்னும் கிட்டத்தில் உள்ள சாமியார்பேட்டைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போவதும் உண்டு. எந்தக் கரையானாலும் நடப்பவரின் உடலோடு முதலில் விளையாடுவது காற்று.

காற்று எப்போது, எங்கிருந்து?

பகல் வெயிலில் தரை சட்டென்று சூடேறும். கடல்நீர் மெதுவாகத்தான் சூடேறும். தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருந்த குளிர்காற்று ஓடிவருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் உச்சிவேளையை ஒட்டி இது கரையேறிவிடும். கீரப்பாளையம் போன்ற கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களை எட்டுவது அதற்குப் பிறகுதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதை வேறு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, கடற்காற்றை உள்ளே விடாமல் தடுத்து நிறுத்தும். அப்படிப்பட்ட நாளில் மூன்று மணிக்குக் கரைக்கு வந்தவர் முகத்தில் படுவது குளிர்காற்றல்ல, வயல்வெளியின் அனலும் மணலும்தான். ஐந்து மணிக்கு மேல் வருவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. அலையும் கரையை ஏறி அடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் நடையை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்ச்சி தரும் மயக்கம்

காற்றில்லாத தெருவில் அரை மணி நேரம் நடந்தால் சட்டை நனைந்துவிடும். உடலில் நீர் குறைவது கண்ணுக்குத் தெரியும். கடற்கரையிலும் வியர்வை வரத்தான் செய்கிறது. துளியாகத் திரள்வதற்கு முன்பே காற்று உலர்த்திவிடுவதால் தெரிவதில்லை. வீடு திரும்பிய பின் சட்டைக் காலரில் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும் உப்புதான் சாட்சி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், கிளம்புமுன் ஒரு டம்ளர், இடையில் சில மடக்கு, முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போதுமானது. சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறுக்காகத் தண்ணீரின் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

வெயிலிலும் இதே மயக்கம்தான். தோல் சுடவில்லை என்பதற்காகப் புற ஊதாக் கதிர் குறைந்துவிடுவதில்லை. உலர்ந்த மணல் அதில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தொப்பி போட்டவருக்கும் கீழிருந்து வெயில் படும். காலை எட்டரைக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ நடந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

மணலில் எவ்வளவு உழைப்பு?

உலர்ந்த மணலில் நடக்க, கெட்டியான தரையில் அதே வேகத்தில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது என்பது 1998இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்து காட்டப்பட்டது. கால் புதைவதும், தள்ளும்போது மணல் பின்னால் நழுவுவதும் காரணம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற பொதுவான அளவை வைத்துக்கொண்டு, முதல் நாளே ஒரு மணி நேரம் புதைமணலில் நடப்பவருக்கு மறுநாள் கெண்டைக்காலும் குதிகாலும் பேசும். பழக்கமில்லாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். அலை வந்து நனைத்துப் போன ஈரமணல் கெட்டியாக இருக்கும். மூட்டுவலிக்காரருக்கு அதுவே நல்லது. ஆனால் அது கடலை நோக்கிச் சரிவானது. ஒரே பக்கமாக நெடுந்தூரம் நடந்தால் ஒரு முழங்கால் மட்டும் அதிகச் சுமை தாங்கும். போன வழியே திரும்பினால் இரண்டு காலும் பங்கிட்டுக்கொள்ளும்.

எந்தப் பக்கம் முதலில் நடப்பது என்பதையும் காற்றிடமே விட்டுவிடலாம். கோடையில் தென்கிழக்கிலிருந்து காற்று வரும்போது முதலில் தெற்கே, வாடைக் காலத்தில் முதலில் வடக்கே. உடலில் தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்று. களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மாறாகச் செய்பவர்கள் காற்றோடு வெகுதூரம் சுகமாகப் போய்விட்டு, திரும்ப முடியாமல் நிற்பார்கள்.

இதயமும் மூச்சும்

நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். இதுவே மிதமான வேகம். எதிர்க்காற்றில் வழக்கமான வேகத்தையே பிடிவாதமாகக் காப்பாற்ற நினைத்தால் இதயம் கூடுதலாக உழைக்கும். இதயத் தமனி அடைப்புள்ளவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே காற்றை எதிர்த்து நடப்பது நெஞ்சுவலியை வரவழைக்கக்கூடும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை கண்டால் அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழைக்க வேண்டும்.

கடற்காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது, அது நுரையீரலுக்கு மருந்து என்ற நம்பிக்கை பழையது. அந்த மணத்துக்குப் பெரும் காரணம் கடல் நுண்பாசிகளிலிருந்து எழும் ஒரு கந்தகச் சேர்மம், ஓசோன் அல்ல. அப்படியே ஓசோன் இருந்தாலும் நுரையீரலுக்குக் கெடுதிதான். ஆஸ்துமாக்காரர்கள் காற்று நல்ல காற்று என்று நம்பி இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது.

நடை முடிந்ததும் மிளகாய் பஜ்ஜியின் மணம் இழுக்கும். அரை மணி நடையில் செலவானதை ஒரு தட்டு பஜ்ஜி எளிதில் ஈடுகட்டிவிடும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாது. சுண்டல் பரவாயில்லை.

கண்

இடைவிடாத காற்று கண்ணீர்ப் படலத்தை உலர்த்தும். வெயிலிலும் காற்றிலும் காலம் கழிக்கும் மீனவர்களிடம், கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வது பரவலாகக் காணப்படுகிறது. பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி நல்ல காப்பு. மணல் விழுந்தால் கசக்கவே கூடாது, கருவிழி கீறிவிடும். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவியும் உறுத்தினால் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கால்

வெறுங்காலோடு நடப்பது சுகம்தான். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியவருக்கு மட்டும் அது கூடாது. உடைந்த பாட்டில், கிளிஞ்சல், மணலில் கிடக்கும் தூண்டில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது; மதிய மணலில் பாதம் கொப்பளித்தாலும் தெரியாது. நாய்கள் திரியும் மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கக்கூடும். அவை தோலுக்குள் புகுந்து, நெளியும் சிவப்புக் கோடாக அரிக்கும். குதிகாலைச் சேர்த்துப் பிடிக்கும் செருப்பு இதற்கெல்லாம் காப்பு.

ஆறாத புண் உள்ளவர்கள் முகத்துவாரத்து உவர்நீரில் கால் நனைக்கக் கூடாது. அங்குள்ள சில பாக்டீரியாக்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும், ஓரிரு நாளில் காலை வீங்கச் செய்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காயம் பட்டால் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். திரும்பும் பேருந்தில் ஏறுமுன் காலை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளில் ஒட்டிய மணலைத் துடைத்து, உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். குனிய முடியாத முதியவருக்கு உடன் வந்தவர் பார்த்துச் சொல்லலாம்.