மருத்துவ ஆராய்ச்சியும் மனித அறமும்

நாம் கட்டும் வரிப் பணத்தில் சாலை போடுகிறார்கள், ரயில் விடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பணத்தில் மருத்துவ ஆராய்ச்சியும் நடக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1911-ல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தொடங்கி, 1949-ல் இன்றைய பெயரைப் பெற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நம் தில்லியில், அன்சாரி நகரில்தான் இருக்கிறது. காசநோய், மலேரியா, புற்றுநோய் எனப் பல ஆய்வுகளுக்கு அது அரசுப் பணத்தை வழங்குகிறது. அந்த ஆய்வுகளுக்கு உடம்பைக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஏழைகள். பணமும் மக்களுடையது, உடம்பும் மக்களுடையது. ஆகவே அது முறையாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு.

நான் மருத்துவன் அல்லன். மத்திய அரசின் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளாக ஓர் அரசு மருத்துவமனையின் அறநெறிக் குழுவில் பொதுமக்கள் சார்பான உறுப்பினராக இருந்து வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தில்லியில் நடந்த ஓர் ஆய்வு

1976 முதல் 1988 வரை, கவுன்சிலைச் சேர்ந்த ஒரு புற்றுநோய் ஆய்வு நிலையம் இதே தில்லியில் ஓர் ஆய்வை நடத்தியது. கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் காணப்பட்ட 1,158 பெண்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். இம்மாற்றங்களில் சில தாமாகவே மறைந்துவிடும். சில முற்றிப் புற்றுநோயாகும். எத்தனை மறையும், எத்தனை முற்றும் என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண அப்பெண்களுக்குச் சிகிச்சை அளிக்காமல் காத்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை. 71 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அவர்களில் 9 பேருக்கு அது ஆழமாக ஊடுருவிய பிறகே தெரிந்தது.

1997-ல் இச்செய்தி வெளியானபோது பெரும் கண்டனம் எழுந்தது. எழுத்து மூலம் சம்மதம் வாங்கவில்லை, வாய்மொழியாகத்தான் கேட்டோம் என்று விளக்கம் தரப்பட்டது. இதில் என்னை மிகவும் உறுத்துவது ஆண்டுக் கணக்கு. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான அறநெறி அறிக்கையைக் கவுன்சில் 1980-லேயே வெளியிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. விதி ஒரு புத்தகத்தில் இருந்தது. ஆய்வு வேறு ஒரு கட்டடத்தில் நடந்தது. இரண்டையும் இணைக்க ஆள் இல்லை.

இணைப்பது எப்படி?

2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் கவுன்சில் தன் நெறிமுறைகளை விரிவாக்கி வெளியிட்டது. 2017 நெறிமுறைப்படி அறநெறிக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்கலாம். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்கவேண்டும். பாதிப் பேராவது வெளியார். மருத்துவர்களோடு ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சமூகவியலாளர், என்னைப் போன்ற ஒரு சாமானியர் ஆகியோரும் உண்டு. மருந்துக் கம்பெனி சோதனைகள் மட்டுமல்லாது, மற்ற உடல்நல ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுக்களும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

ஆனால் குழு முத்திரை குத்திவிட்டால் அறம் வந்துவிடுமா? வராது. மேலே சொன்ன ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். "நோய் முற்றும் அறிகுறி தெரிந்தால் எந்தக் கட்டத்தில் சிகிச்சை தொடங்குவீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கான பதில் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தால் பல பெண்கள் தப்பியிருப்பார்கள். ஆண்டுதோறும் யாராவது வந்து, "இதுவரை எத்தனை பேருக்கு முற்றியிருக்கிறது?" என்று கேட்டிருந்தால் ஆய்வு பாதியிலேயே திருத்தப்பட்டிருக்கும். அறம் திட்டம் தீட்டும்போதே உள்ளே வந்து, ஆய்வு முடியும்வரை கூடவே இருக்கவேண்டும்.

அதற்குப் பணமும் ஒதுக்கவேண்டும். கணக்குக்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1990-ல் மனித மரபணுத் திட்டம் தொடங்கியபோது, அறம், சட்டம், சமூகம் சார்ந்த கேள்விகளை ஆராயவே நிதியில் 3 சதவீதம், பின்னர் 5 சதவீதம் ஒதுக்கினார்கள். மொழிபெயர்ப்பு, கண்காணிப்பு, ஆய்வினால் உடல்நலம் கெட்டவருக்கு இலவச சிகிச்சை, இழப்பீடு இவையெல்லாம் பட்ஜெட்டில் ஒரு வரியாக இல்லாவிட்டால், நடைமுறையிலும் இருக்காது.

தாய்மொழியில் சொல்லவேண்டும்

ஆய்வில் சேர்பவருக்குப் புரியும் மொழியில் விவரம் தரவேண்டும் என்பது விதி. தில்லியில் இதற்கு இந்தி என்றுதான் பொருள் கொள்கிறார்கள். திரிலோக்புரி போன்ற பகுதிகளிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் நம் தமிழ்ப் பெண்கள் கடைத்தெரு இந்தி நன்றாகப் பேசுவார்கள். நான்கு பக்க இந்திப் படிவத்தைப் படிக்க அவர்களால் ஆகுமா?

எங்கள் குழுவில் ஒருமுறை இதைக் கேட்டேன். எந்த ஆய்வு என்று சொல்லக்கூடாது, அது குழுவின் ரகசியம். தமிழ்ப் படிவம் தயாரித்து வந்தார்கள். அதில் "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்று இருந்தது. தமிழாசிரியருக்கே இரண்டு முறை படித்தால்தான் விளங்கும். "குலுக்கல் சீட்டு மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும். உங்களுக்குக் கிடைப்பது மருந்து மாத்திரையாக இருக்கலாம், மருந்தே இல்லாத மாத்திரையாகவும் இருக்கலாம். டாக்டருக்கும் அது தெரியாது" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அதைக் கேட்டபின் ஒரு பெண் "வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்ல முடிந்தால்தான் அவர் "சரி" என்பதற்கும் மதிப்பு.

கையெழுத்திடும் முன்

உங்களிடமோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடமோ இப்படி ஒரு படிவம் நீட்டப்பட்டால் கேட்கவேண்டியவை இவை:

1. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதுதான் நோயாளிகளிடம் அதிகம் காணும் குழப்பம்.
2. சேராவிட்டால் எனக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? கிடைத்தாகவேண்டும்.
3. பாதியில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.
4. உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பொறுப்பு?
5. சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது? குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கவேண்டும். படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியே கூடாது என்பது என் வாதமன்று. இன்று நம் குழந்தைகளுக்குப் போடும் ஒவ்வொரு தடுப்பூசிக்குப் பின்னாலும், முன்பு ஆய்வில் சேர்ந்த முகம் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், அலுவலர்கள் பலர் இருக்கிறார்கள். மருத்துவமனைக் குழுக்களுக்கு வெளியார் எப்போதும் தேவை. மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புரியாததைப் புரியவில்லை என்று தயங்காமல் சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டு பேராவது முன்வந்தால், தில்லி மருத்துவமனைகளில் நம் மக்களுக்காகத் தமிழில் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.