டி செல்கள் எப்போது பெருகத் தொடங்குகின்றன? சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கான விளக்கம்

"புதிய சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று நோயாளிகள் பலரும் கேட்கின்றனர். இதற்கான விடை, டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்களின் இயல்பில் உள்ளது.

ஓய்வு நிலை

தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடையும் டி செல்கள், இரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் சுற்றி வருகின்றன. அந்நியப் பொருளைக் காணும் வரை இவை பெரும்பாலும் பிரியாமல் ஓய்வில் இருக்கும். அவ்வாறின்றி எளிதில் பெருகினால், நம் சொந்த உறுப்புகளே தாக்கப்படக்கூடும்.

பிரிவதற்குத் தேவையான மூன்று சமிக்ஞைகள்

1. அந்நியப் பொருளின் அடையாளத்தை டி செல் கண்டறிய வேண்டும்.
2. அந்த அடையாளத்தைக் காட்டும் செல்லிடமிருந்து துணைச் சமிக்ஞை கிடைக்க வேண்டும்.
3. இன்டர்லூகின்-2 போன்ற புரதங்கள் பெருக்கத்தைத் தூண்ட வேண்டும்.

இவை போதிய அளவில் சேர்ந்த பின்னரே டி செல் வளர்ந்து, தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்து, இரண்டாகப் பிரிகிறது. முதல் பிரிவுக்கு ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுத்த பிரிவுகள் விரைந்து நிகழும்.

மருந்துகள் எவ்வாறு தடுக்கின்றன?

மாற்றுச் சிறுநீரகமும் டி செல்களுக்கு அந்நியப் பொருளே. டாக்ரோலிமஸ், இன்டர்லூகின்-2 உற்பத்தியைக் குறைக்கிறது. மைக்கோஃபெனோலேட், டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தேவையான மூலப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது. இம்மருந்துகள் டி செல்களை முற்றிலும் அகற்றுவதில்லை. பெருகவிடாமல் அடக்கி வைக்கின்றன. மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு மட்டுமே உயரலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• மாத்திரைகளை நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறினால், அடுத்த வேளை இரட்டிப்பாக உட்கொள்ள வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.
• டாக்ரோலிமஸ் அளவுப் பரிசோதனைக்குச் செல்லும் நாளில், இரத்தம் கொடுத்த பின்னரே காலை மாத்திரையை உட்கொள்ளுங்கள்.
• காசநோய்க்கான ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவைக் குறைக்கும். சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் அதை உயர்த்தும். எனவே எந்தப் புதிய மருந்தையும் மருத்துவரிடம் தெரிவிக்காமல் தொடங்காதீர்கள்.
• மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும். குழந்தைப்பேறு குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.
• காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், மாற்றுச் சிறுநீரகம் உள்ள இடத்தில் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாத்திரை தீரும் நிலையில் இருந்தாலோ, வாங்க இயலாவிட்டாலோ, தயக்கமின்றி முன்னதாகவே எங்களிடம் தெரிவியுங்கள். மாற்று வழி காண அப்போது கால அவகாசம் இருக்கும்.