எத்தனால் கலந்த பெட்ரோல்: வண்டியைக் காப்பது எப்படி?

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஏன் பேச வருகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஏர் மாடு இல்லாத வீடு இன்று எத்தனையோ உண்டு. இருசக்கர வண்டி இல்லாத வீடு குறைவு. பால் கேன் சொசைட்டிக்குப் போவதும், புல்லுக்கட்டு கொட்டகைக்கு வருவதும், உர மூட்டை வயலுக்குச் சேர்வதும் அதில்தான். அந்த வண்டிக்கு நீங்கள் ஊற்றுகிற பெட்ரோல் சில ஆண்டுகளாக மாறிவிட்டது. இன்றைய பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதாவது எரிசாராயம்.

டீக்கடையில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "சாராயம் கலந்து இன்ஜினையே பாழாக்கிட்டாங்க" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, சும்மா போடு" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே முழு உண்மை அல்ல. எத்தனால் மட்டும் தனியாக வந்து இன்ஜினைக் கெடுப்பதில்லை. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து, வண்டியும் நாள்கணக்கில் ஓடாமல் நின்றால்தான் கேடு வருகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மெக்கானிக் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

எத்தனால் எங்கிருந்து வருகிறது?

வேறெங்கும் இல்லை, உங்கள் வயலிலிருந்துதான். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ், கரும்புச் சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சி எத்தனால் எடுக்கிறார்கள். ஒரு டன் கரும்பின் சாற்றை நேராகப் புளிக்க வைத்தால் சுமார் 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவிகிதக் கலப்பு தொடங்கியது. 2022 ஜூனில் இது 10 சதவிகிதத்தை எட்டியது. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி 20 சதவிகிதக் கலப்பு, அதாவது 'இ-20' பெட்ரோல், விற்பனைக்கு வந்தது. 2025-இல் நாடு முழுவதும் 20 சதவிகிதக் கலப்பை எட்டிவிட்டோம். கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று போடப்பட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே பழைய பெட்ரோல் திரும்பி வரும் என்று காத்திருப்பதைவிட, இருக்கிற பெட்ரோலுக்கு ஏற்றபடி வண்டியை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிரேசில் நாட்டில் 1975-லிருந்தே எத்தனாலைப் பெருமளவில் எரிபொருளாகப் பயன்படுத்துகிறார்கள். 2015-இல் அங்கே பெட்ரோலில் கலப்பு 27 சதவிகிதம். 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவிகிதம். அங்கே வண்டிகள் அதற்கென்றே செய்யப்படுகின்றன. சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. எந்தப் பெட்ரோலுக்கு எந்த வண்டி என்பதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கின்றன. வல்லம் வடகாலில் யமஹா ஆலையும் இருக்கிறது. நம் வல்லம், மாத்தூர், எழிச்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு நாட்டில் தயாராகும் வண்டிகளின் பெட்ரோல் டியூப், வாசர், சீல் எல்லாம் 20 சதவிகித எத்தனாலைத் தாங்கும் பொருளால் செய்யப்பட்டவை. அந்த வண்டிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.6 வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலைப் பீய்ச்சும் முறையில் ஓடுபவை. புகைக் குழாயில் உள்ள சென்சார் ஒன்று காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் எரிகின்றன என்று பார்த்துச் சொல்ல, வண்டியே பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் முந்தைய கார்புரேட்டர் வண்டிகள், பழைய மொபெட்டுகள், இவைதான் நம் கவனிப்புக்கு உரியவை. கிராமத்தில் அதிகம் ஓடுவதும் இவைதான்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

குறையும், ஆனால் பாதியாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 80 லிட்டர் பெட்ரோலும் 20 லிட்டர் எத்தனாலும் சேர்ந்தால், சுமார் 93 லிட்டர் பெட்ரோலின் சக்திதான் கிடைக்கும். ஆக, கணக்குப்படி இழப்பு 7 சதவிகிதத்துக்குள். எத்தனால் இன்ஜினில் இடிப்புச் சத்தம் வராமல் சீராக எரியக் கூடியது. அதற்கேற்ப இன்ஜினைச் சரிசெய்தால் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்றபடி சரிசெய்த இருசக்கர வண்டிகளில் இ-20 போட்டால் 3 முதல் 4 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது. 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 47, 48 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வண்டி 38 கொடுக்கிறது என்றால் பழியை எத்தனால்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஏர் ஃபில்டரில் வயல் தூசி அடைத்திருக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடலாம். டயரில் காற்று குறைவாக இருக்கலாம். அவற்றை முதலில் பாருங்கள்.

பிளக்கின் நிறம் பேசும்

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆகையால் பழைய பெட்ரோலுக்கு அளவு பார்த்து வைத்த கார்புரேட்டரில் இதை ஊற்றினால், காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போனது போல் ஆகும். காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி ஒரு நிமிஷம் திணறும். பாரம் ஏற்றி ஓட்டினால் இன்ஜின் அதிகம் சூடேறும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நெல்லுக்குத் தழைச்சத்து போதுமா என்று இலை வண்ண அட்டையை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். வெந்த செங்கல் போலப் பழுப்பாக இருந்தால் சரி. கரிபோலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு அதிகம் என்று அர்த்தம். வெளுத்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிக் கார்புரேட்டரின் ஏர் ஸ்குரூவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுத் தருவார்.

தண்ணீர்தான் முதல் எதிரி

எத்தனாலுக்குத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். காற்றில் உள்ள ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அதைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அதுவரை தொந்தரவு இல்லை. 10 சதவிகிதக் கலப்புப் பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி, அதாவது ஒரு சின்ன டீ ஸ்பூன் தண்ணீரைத்தான் தாங்கும். 20 சதவிகிதக் கலப்பு இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால், பால் திரிந்து தண்ணீர் பிரிவதுபோல, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது அடியிலிருந்து. வண்டி இருமி இருமி நின்றுபோகும். அடியில் தங்கிய அந்தக் கலவை இரும்பு டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கார்புரேட்டருக்குள் வெள்ளையாகப் பூத்துச் சின்னத் துவாரங்களை அடைக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போதுதான் இந்தக் கோளாறு வரும். ஷிப்டுக்குத் தினமும் ஓடுகிற மகனின் வண்டிக்கு ஒன்றும் ஆகாது; ஊற்றிய பெட்ரோல் மூன்று நாளில் தீர்ந்துவிடும். மாட்டுக் கொட்டகையோரம் அரை டேங்க் பெட்ரோலோடு இரண்டு மாதம் நிற்கிற அப்பாவின் மொபெட்தான் மக்கர் பண்ணும். பங்க் ஒன்றுதான், பெட்ரோல் ஒன்றுதான். நின்ற நாள்தான் வித்தியாசம்.

டேங்க் மூடியைச் சுற்றி விழும் மழைத்தண்ணீர் வடிய ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் மண் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். மழைக்காலத்துக்கு முன் அதைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மூடியின் ரப்பர் வாசர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வண்டி கழுவும்போது பம்புசெட் தண்ணீரை மூடிமேல் பீய்ச்ச வேண்டாம்.

"பங்கில் தண்ணீர் கலந்துவிட்டான்"

பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, "பாருங்கள், அடியில் எவ்வளவு தண்ணீர்!" என்று செல்போனில் படம் காட்டுகிறார்கள். 100 மில்லி இ-20 பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் அடியில் 30 மில்லி அளவுக்குத் தண்ணீர் மாதிரி நிற்கும். அது பங்க்காரர் கலந்த தண்ணீர் அல்ல. நீங்கள் விட்ட 10 மில்லியோடு பெட்ரோலில் இருந்த 20 மில்லி எத்தனால் சேர்ந்துகொண்டது; அவ்வளவுதான்.

உண்மையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், வேறெதையும் ஊற்றாமல் பெட்ரோலை மட்டும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிவாக ஒரே நிறமாக நின்றால் நல்லது. கலங்கலாகவோ இரண்டு அடுக்காகவோ நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ரப்பரும் பழைய கசடும்

பழைய வண்டிகளின் ரப்பர் டியூப்பும் வாசரும் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு இறுகி வெடிக்கும். பெட்ரோல் கசிந்தால் தீ விபத்துக்கு அதுவே போதும். ஆண்டுக்கு ஒருமுறை டியூப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ, உப்பலோ, கீறலோ இருந்தால் எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஒரு டியூப்பின் விலை இன்ஜின் வேலையின் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, எத்தனால் பழைய டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். அது ஃபில்டரில் வந்து அடைக்கும். பல நாள் கழித்துப் பழைய வண்டியை எடுத்து ஓட்டத் தொடங்கியவர்கள் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

தெளிப்பானை மறந்துவிடாதீர்கள்

வண்டிக்குச் சொன்னது பவர் ஸ்பிரேயருக்கும் புல் வெட்டும் இயந்திரத்துக்கும் இன்னும் அதிகமாகப் பொருந்தும். இவை ஒரு பருவம் ஓடி, ஒரு பருவம் மூலையில் கிடப்பவை. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் ஆபத்து கூடுதல். தண்ணீர் சேர்ந்து பிரிந்தால் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ள ஆயில் இல்லாத கலவையை இழுத்த இன்ஜின் வறண்டு பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். மருந்தடிக்கிற நேரத்தில் இயந்திரம் நின்றால் பூச்சி நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் பெட்ரோலும் ஆயிலும் கலந்துகொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு எடுத்து வையுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானாலும் இதேதான்: காக்கை மூடிக் கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட வேண்டும். டேங்க் காலியாக இருக்கலாம், நிறைய இருக்கலாம். அரைகுறையாக மட்டும் இருக்கக் கூடாது. காலி இடத்தில்தான் ஈரக்காற்று புகும்.

பெட்ரோலைப் பூச்சி மருந்து டப்பாவிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் வைக்காதீர்கள். வாயால் உறிஞ்சி டியூப்பில் இறக்காதீர்கள். சாராயம் என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். பெட்ரோலிலிருந்து பிரிந்து நிற்கும் அந்தத் திரவம் விஷம். மைலேஜுக்கென்று மண்ணெண்ணெய் கலப்பதும் இன்ஜினுக்குக் கேடு.

சுருக்கமாகச் சொன்னால் நான்கு வேலைகள்: தண்ணீர் புகாமல் பாருங்கள்; பழைய பெட்ரோலை வண்டியில் தங்கவிடாதீர்கள்; ரப்பர் டியூப்பை மாற்றுங்கள்; பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து அந்த வாசரையும் வடிதுவாரத்தையும் பார்த்துவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிஷம் போதும்.