இரத்தம் உறையாமற் காக்கும் மருந்தும் தேகப் பயிற்சியும்

புணே நகருக்கு வடமேற்கே, லோணாவளா செல்லும் புகைவண்டிப் பாதையில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது தளேகாவ். தொழில் நிமித்தம் அங்குக் குடியேறிய தமிழ் மக்களும், ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கும் பெற்றோரும் இப்பேச்சை நினைவிற் கொள்வது நலம். இருதய வால்வு மாற்றப்பட்டவர்க்கும், இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்க்கும், காலின் உள்நரம்பில் இரத்தம் கட்டியவர்க்கும் மருத்துவர் ஒருவகை மாத்திரையை அளிக்கின்றனர். ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை’ என்று நாம் அதனை வழங்குகிறோம். மராத்தியரும் அப்பொருள்படவே வழங்குகின்றனர். இப்பெயரே பாதி அச்சத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. இரத்தம் நீர்த்துவிட்டது, இனி அசைந்தால் ஆபத்து என்றெண்ணி, நாற்காலியே கதியென அமர்ந்துவிடுவோர் உளர்.

உண்மை யாதெனின், மோரில் நீர் வார்த்தாற்போல் இம்மருந்து இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. காயத்தில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களிற் சிலவற்றை ஈரலானது ‘கே’ வைட்டமினின் துணைகொண்டு ஆக்குகின்றது. வார்ஃபரின், அசினோகூமரால் என்னும் மருந்துகள் அந்த வேலையைத் தாமதப்படுத்துகின்றன. உறைதல் அறவே நின்றுவிடுவதில்லை, மெதுவாகின்றது, அவ்வளவே. உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன வால்வின் மீது இரத்தம் கட்டி, அக்கட்டி மூளைக்குச் சென்று தங்கினால் பக்கவாதம் உண்டாகும். அதனைத் தடுக்கவே மருந்து. இளமையில் வந்த வாதசுரத்தால் வால்வு பழுதுற்றோர் நம் நாட்டில் மிகுதி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் ஆக்கிய ‘சித்ரா’ வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அத்தகைய வால்வு பெற்றவர் ஆயுள் முழுவதும் இம்மருந்தை உண்ணவேண்டும். ஆயுள் முழுவதும் ஆடாது அசையாது இருக்க இயலுமா?

இம்மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்தன. 1933-இல் ஒரு குடியானவர் உறையாத இரத்தத்தைப் பால் பாத்திரத்திலேயே நிரப்பி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்த கார்ல் லிங்க் என்னும் விஞ்ஞானி அதன் மூலப்பொருளைக் கண்டறிந்தார். அவ்வாராய்ச்சியின் வழியே பிறந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்கப்பட்டு, 1954 முதல் மனிதர்க்கும் மருந்தாயிற்று. மறு ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அது அளிக்கப்பட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்தவருள் ஒருவரான டாக்டர் பால் டட்லி ஒயிட், இருதய நோயாளரைப் படுக்கையிலேயே கிடத்துதல் தகாது என்ற கொள்கையினர். தாமே மிதிவண்டி ஏறிச் செல்பவர். ஐசனோவர் 1956-இல் மீண்டும் கோல்ஃப் ஆடத் தொடங்கினார்.

காலில் இரத்தம் கட்டியவரை அசையவிடாமற் படுக்க வைப்பதே முன்னாளைய வழக்கம். இன்றோ, மருந்து தொடங்கியபின் பெரும்பாலோரை விரைவிலேயே நடக்கச் சொல்கின்றனர். கெண்டைக்காற் சதை ஒரு பம்பு போன்றது. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அது இறுகி இரத்தத்தை மேல்நோக்கி அனுப்புகின்றது. உட்கார்ந்தே இருப்பவர்க்கு அந்தப் பம்பு ஓய்ந்துவிடுகின்றது. கால் வலுவிழந்தவர் எளிதில் தடுக்கி விழுவர் என்பதையும் கருதவேண்டும். விழாதிருக்கவேண்டிய ஒருவர், விழுவோம் என்று அஞ்சி அமர்ந்தே இருந்தால், விழுவதற்கே தம்மை ஆயத்தம் செய்துகொள்கிறார்.

ஆகவே, அறுவை செய்தவர் மருத்துவரின் இசைவு பெற்று நடையைத் தொடங்குக. மார்பெலும்பு கூடும்வரை, ஏறத்தாழ 3 மாதம், பாரம் தூக்கலாகாது. பின்னர் நடை, நீச்சல், நிலையான மிதிவண்டி, எளிய ஆசனங்கள் யாவும் பெரும்பாலோர்க்கு ஏற்றவை. சிரசாசனம் வேண்டா. கபடி, குத்துச்சண்டை, கெட்டிப் பந்து கொண்டு ஆடும் கிரிக்கெட், மரமேறுதல் ஆகிய அடிபடும் வினைகளை விலக்குக. தளேகாவ் வட்டாரத்தில் நடப்பதற்குச் சமதரையும் உண்டு, மலையும் உண்டு. கோடையிலும் பனிக்காலத்திலும் பண்டாரா குன்றின் பக்கம் காலை நடை இனிது. ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டாலோ, சஹ்யாத்ரி மலையின் கற்களெல்லாம் பாசி பிடித்து வழுக்கும். மளவலிக்கு அருகில் உள்ள லோஹகட் கோட்டைப் படிகளில் அப்பருவத்தில் ஏறுதல் இவர்களுக்கு ஆகாது. அந்நாள்களில் வீட்டினுள்ளே, அல்லது மாடிக் கட்டடத்தின் நடைகூடத்தில், அரை மணி உலாவினாலும் போதும்.

இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கூறவேண்டும். மருந்தின் அளவு, ஒருவர் வாழும் முறைக்கேற்ப அமைக்கப்படுவது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை இதற்கு உதவுகின்றது. மருந்துண்ணாதவர்க்கு அது ஏறத்தாழ 1. மருந்துண்போரிற் பலர்க்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்று மேலாகவும் வேண்டும். நாள்தோறும் அரை மணி நடப்பவர் அதையே தொடர்ந்தால் அளவு நிலைத்து நிற்கும். ஆண்டு முழுதும் சோம்பியிருந்து, தேஹுவிலிருந்து புறப்படும் துக்காராம் பால்கியோடு பண்டரிபுரம்வரை திடீரெனக் கிளம்பினாலும், திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வெறுங்காலோடு புறப்பட்டாலும், உடலும் மருந்தும் இசையாமற் போகலாம். கீரையும் அவ்வாறே. முருங்கைக் கீரையிலும் வெந்தயக் கீரையிலும் ‘கே’ வைட்டமின் மிகுதி. அவற்றை ஒழிக்கவேண்டியதில்லை, ஊருக்குச் சென்ற மாதத்தில் தினமும் உண்டு, திரும்பியபின் அறவே மறப்பதுதான் தவறு. ஊர் செல்லும் நீண்ட புகைவண்டிப் பயணத்தில் இடையிடையே எழுந்து பெட்டிக்குள் நடத்தல் நலம்.

தற்காலத்தில் டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் என்னும் மருந்துகளும் உள. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்த்து அளவு அமைப்பதில்லை. ஆயின் ஒரு வேளை தவறினாலும் காப்பு விரைவில் குறையும். உலோக வால்வு உடையோர்க்கு இவை ஆகா. வார்ஃபரினும் அசினோகூமராலும் மில்லிகிராமில் ஒன்றுக்கொன்று ஈடல்ல. ஊர் மாறி மருத்துவர் மாறும்போது இதில் குழப்பம் நேர இடமுண்டு.

பயிற்சியால் உடம்பு வலித்தால் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மவர் வழக்கம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் இம்மருந்தோடு சேர்ந்து குடலில் இரத்தம் கசியச் செய்யக்கூடும். சுளுக்கு வழித்துக்கொள்வதும் கூடாது. முறுக்கி நீவுகையில் சதைக்குள் இரத்தம் கட்டும். கருத்த மலம், சிவந்த சிறுநீர், காரணமின்றி வீங்கும் மூட்டு ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரை அன்றே காண்க.

தலையில் அடிபட்டாலோ, வெளியே ஒரு துளி இரத்தமும் காணப்படாவிடினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மண்டைக்குள் கசியும் இரத்தம் சில மணி கழித்தே தன்னைக் காட்டும். இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசமின்றி ஏறலாகாது. மருந்தின் பெயர், அளவு, கடைசிப் பரிசோதனையின் எண் இவற்றை எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். தமிழில் மட்டும் எழுதினால் அங்கே பயன்படாது. நினைவிருந்தால், மருத்துவமனையில் முதலில் கூறவேண்டிய மராத்தி வாக்கியம் இது: “மீ ரக்த் பாதள் ஹோண்யாசீ கோளீ கேதோ.” பெண்களாயின் ‘கேதோ’ என்பதற்குப் பதிலாகக் ‘கேதே’ என்க.