பாட்டை நிறுத்துடா, அப்பத்தா பேசுது!

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் 1992-இல் நடந்த அக்கா கல்யாணத்தின் வீடியோ கேசட்டைப் போன மாதம் பென் டிரைவில் ஏற்றி வாங்கினோம். டிவி முன்னால் வீடு நிறைய ஆள். மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, தாய்மாமன் சீர் என்று வரிசையாக ஓடியது. இன்றைக்குத் தொந்தியும் வழுக்கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் அன்றைக்கு எவ்வளவு ஒல்லி என்று ஒரே சிரிப்பு.

பந்தி முடிந்த இடத்தில் கேமரா அப்பத்தாவை நெருங்கியது. வீடியோ லைட்டின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நீட்டி நீட்டி, அரை நிமிடத்துக்கு மேல் என்னவோ சொல்கிறாள். காதில் விழுவதோ சினிமாப் பாட்டு.

“பாட்டை நிறுத்துடா, அப்பத்தா பேசுது” என்றான் தம்பி.

நிறுத்த வழியில்லை. பாட்டு தனியாகவும் பேச்சு தனியாகவும் அதில் இல்லை. அப்பத்தா போய் இருபது வருஷம் ஆகிறது. அவள் குரல் பதிவான ஒரே கேசட் இதுதான் என்று நினைத்திருந்தோம். வாய் அசைவு மட்டும் மிஞ்சியது.

ஓரத்தில் ஓடிய குரல்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் எடுத்த கல்யாண கேசட்டுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். முகூர்த்தத்துக்கு ஒரு பாட்டு, ஊர்வலத்துக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு. மண்டபத்து இரைச்சலை அப்படியே விட்டால் “மிக்சிங் சரியில்லையே” என்று வீட்டுக்காரர்களே கேட்பார்கள். ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

அந்தக் கேசட்டுகளில் இருந்த வி.எச்.எஸ். நாடா அரை அங்குல அகலம். சுழலும் ஹெட் அதன்மேல் சாய்கோடுகளாகப் படத்தை எழுதும். ஒலிக்கு நாடாவின் ஓரத்தில் நூல் போல ஒரு தடம். படத்தைத் தொடாமல் அந்தத் தடத்தை மட்டும் அழித்து, வேறு ஒலியைப் பதியும் வசதி சில வி.சி.ஆர். டெக்குகளில் உண்டு. அது இல்லாதவர்கள் இரண்டு டெக்குகளை இணைத்துப் பிரதி எடுக்கும்போதே பாட்டைச் சேர்த்துவிடுவார்கள். மூல கேசட்டில் அடுத்த வாரம் வேறொரு வீட்டு விசேஷம் ஏறிவிடும்.

ஊமையாகத் தொடங்கிய கலை

உலகில் காசு கொடுத்துப் பார்த்த ஆரம்பகாலப் படங்களிலேயே ஒரு வீட்டுப் படம் உண்டு. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட பத்துக் குறும்படங்களில் ஒன்று, ஒகூஸ்த் லூமியேரும் மனைவியும் தங்கள் கைக்குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும் காட்சி. ஒரு நிமிடம்கூட ஓடாது. ஊட்டுவதைவிட, பின்னால் காற்றில் அசைந்த இலைகளைப் பார்த்துத்தான் மக்கள் அதிசயித்தார்கள் என்று சொல்வதுண்டு. எடுத்தவர் நினைக்காத ஒன்று பார்ப்பவர் மனதில் நின்றுவிடுவது அன்றே தொடங்கிவிட்டது.

1923-இல் கோடாக் 16 மி.மீ. கேமராவைக் கொண்டுவந்தது, 1932-இல் இன்னும் மலிவான 8 மி.மீ. வந்தது. 1965-இல் வந்த ‘சூப்பர் 8’ பெட்டியில் 15 மீட்டர் பிலிம். நொடிக்கு 18 படம் என்று ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது நொடியில் தீர்ந்துவிடும். அதனால் எடுப்பவர் கஞ்சத்தனமாக எடுத்தார். ஒலியோடு எடுக்கும் சூப்பர் 8 பெட்டி 1973-இல்தான் வந்தது. அதுவரை வீட்டுப் படம் என்றால் பெரும்பாலும் ஊமைப் படம்.

குரலைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது வீடியோ நாடா. படமும் பேச்சும் ஒரே கேசட்டில், அதுவும் மணிக்கணக்கில். நாமோ, கைக்கு வந்த குரல்மேல் பாட்டைப் போட்டு மூடினோம்.

பரணில் இருப்பதை இறக்குங்கள்

இன்னும் கேசட் வைத்திருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள்தான் மிச்சம். ரிப்பேர் பார்க்கும் கைகளும் குறைந்துவருகின்றன.

முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் அழுக்காகும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. மூன்று மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. வீட்டிலேயே ஏற்றுவதானால், டெக்கிலிருந்து வரும் மூன்று ஒயர்களில் மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஏற்றி முடித்ததும் இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

செல்போன் காலத்திலும் அதே பாட்டு

இப்போது எல்லார் கையிலும் கேமரா. ஆனால் கொடைக்கானல் போய்வந்தாலும் குழந்தை குப்புற விழுந்தாலும், முதல் வேலையாக ஒலியை அடைத்துவிட்டு ஒரு பாட்டைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போடுகிறோம். 1992-இல் ஸ்டுடியோக்காரர் செய்ததை இன்று நாமே நம் விரலால் செய்கிறோம். போடுங்கள், தப்பில்லை. அசலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

பாட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2007-இல் அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 நொடி எடுத்து யூடியூபில் போட்டார். பின்னால் பிரின்ஸ் பாடிய பாட்டு ரேடியோ இரைச்சல் போலக் கேட்கும். அதற்கே இசை நிறுவனம் வீடியோவை நீக்கச் சொல்லி, விஷயம் நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் இழுத்தது.

சொந்தக்காரர்களுக்கு மட்டும் காட்ட வேண்டுமென்றால் யூடியூபிலேயே, லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் போகும். டாக்குமென்டாக அனுப்பினால் அசல் அப்படியே சேரும்.

எடுக்கும்போதும் ஒன்றே ஒன்று போதும். “இங்க பாருங்க, சிரிங்க, டாட்டா காட்டுங்க” என்பதை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் குழம்புக்குப் புளி எவ்வளவு, இந்தக் கிணறு வெட்டியது யார், உன் கல்யாணத்துக்கு எத்தனை வண்டி வந்தது என்று. போனைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். காற்றடித்தால் சுவரோரம் நில்லுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

எங்கள் கதை இன்னும் முடியவில்லை. பென் டிரைவ் பார்த்த அன்று சித்தப்பா எழுந்துபோய் ஒரு பெட்டியோடு வந்தார். 1996-இல் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேம். சின்ன கேசட், அந்தக் கேமராவில்தான் ஓடும். பேட்டரி செத்திருந்தது, அடாப்டர் உயிரோடு இருந்தது. “மாட்டையும் மோட்டாரையும் போய் எடுத்து வச்சிருக்கான்” என்று அந்தக் காலத்தில் எல்லாரும் கேலி செய்த கேசட் அது.

பம்ப்செட், வரப்பு, பசு, ஆடிக்கொண்டே ஒரு தென்னை. பிறகு எங்கள் வாசல். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக: “டேய், அந்தப் பொட்டியக் கீழ வச்சிட்டு வாடா. சோறு ஆறுது.”

டிவி முன்னால் யாரும் அசையவில்லை.

சித்தப்பா சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார். கேமராவைத் திண்ணையில் வைத்தவர் அணைக்க மறந்துவிட்டார். அடுத்த பதினோரு நிமிடம் படத்தில் இருப்பது திண்ணைத் தரையும், நடுவில் வந்துபோகும் ஒரு கோழியும்தான். உள்ளே தட்டு வைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், “இன்னும் கொஞ்சம் போட்டுக்க” என்று அப்பத்தா. அந்தக் கோழியை நாங்கள் மூன்று தடவை பார்த்தோம்.